பாதுகாப்பு ஆய்வை விட்டு டேட்டா சயின்ஸ் கன்சல்டிங்குக்கு வருகிறீர்களா? எந்தக் காகிதம் முதலில், பணம் எப்போது, எங்கே கையெழுத்துப் போடக் கூடாது

பிஎச்டியோ போஸ்ட்டாக்கோ முடித்து, மால்வேர், ஊடுருவல் கண்டறிதல், பிரைவசி, மோசடிக் கணக்குகள் என்று ஏதாவது ஒன்றில் சில வருடங்கள் உழைத்துவிட்டு, இனி டேட்டா சயின்ஸ் ஆலோசகராகத் தனியாக வேலை செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்தப் பக்கம் வந்தபோது மெஷின் லேர்னிங் சொல்லித்தர எத்தனையோ இடங்கள் இருந்தன. எந்த அனுமதியை எப்போது வாங்க வேண்டும், முதல் பணம் கைக்கு வர எவ்வளவு காலம் ஆகும், கான்ட்ராக்டில் எந்த வரியைக் கண்டால் பேனாவைக் கீழே வைக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை, ஒவ்வொன்றையும் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நீங்களும் அப்படி அலையத் தேவையில்லை.

மாடல் கட்டத் தெரிந்தவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களிடம் கூடுதலாக இருப்பது சந்தேகப்படும் பழக்கம்: இந்தத் தரவு எங்கே பொய் சொல்லும், இந்த எண்ணை யார் எப்படி ஏமாற்றுவார்கள், எதிராளி நாளைக்குத் தன் போக்கை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும். கிளையன்ட் அதற்குத்தான் உங்களைத் தேடி வருவார். கீழே இருக்கும் எல்லாப் படிகளும் அதை மனதில் வைத்துத்தான்.

1. வேலையை விடும் முன்பே எது உங்களுடையது என்று எழுத்தில் வாங்குங்கள்

எல்லோரும் தள்ளிப்போடும் படி இது, ஆனால் இதுதான் முதலில். பல்கலைக்கழக மின்னஞ்சல் உங்கள் கையில் இருக்கும்போது ஒரே வாரத்தில் பதில் வருகிற கேள்விக்கு, வெளியே வந்தபிறகு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

எடுத்து வைக்க வேண்டியவை: உங்கள் பணி நியமனக் கடிதம், பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கை, ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிதி நிறுவனத்தின் ஒப்பந்தம் (கைடிடம் கேட்டால் கிடைக்கும்), நீங்கள் பயன்படுத்திய ஒவ்வொரு தரவுத்தொகுப்பின் உரிமம். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்கு மூன்று கேள்விகள் அனுப்புங்கள். நான் எழுதிய கோடை வணிக வேலைக்குப் பயன்படுத்தலாமா? பணியில் இருக்கும்போதே வெளி ஆலோசனை செய்ய அனுமதி உண்டா, வாரத்துக்கு எவ்வளவு நேரம்? வெளியேறிய பிறகு ஏதாவது கட்டுப்பாடு தொடருமா? பதில் எழுத்தில் வர வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று கைடு வாயால் சொன்னதை எந்த கிளையன்டின் வக்கீலும் ஏற்கமாட்டார். சாதாரணமாகச் சில வாரங்கள் ஆகும், தனியார் நிறுவனம் நிதி கொடுத்த ஆய்வு என்றால் இன்னும் இழுக்கும்.

இங்கே பலர் விழும் குழிகளைச் சொல்லிவிடுகிறேன். கோட் ஓப்பன் சோர்ஸாக வெளியாகியிருந்தால் உங்கள் நிலைமை சுலபம். எம்ஐடி, அப்பாச்சி உரிமம் என்றால் வேறு யாரையும்போல நீங்களும் எடுத்துப் பயன்படுத்தலாம். வெளியிடாத கோட் என்றால், பல்கலைக்கழகத்தைவிட்டுப் போகும் முன் வெளியிட அனுமதி வாங்கப் பாருங்கள். தரவு வேறு கதை. ஆய்வுக்கு மட்டும் என்று கொடுக்கப்பட்ட தொகுப்பை வைத்துப் பயிற்றுவித்த மாடலைக் கிளையன்டுக்கு விற்க முடியாது. சந்தேகக் கோப்புகளைச் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தின் பொது ஏபிஐயை (நம் நிரலிலிருந்து அதை அழைக்கும் வழி) வணிகச் சேவைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் கல்வி உரிமமும் அப்படித்தான். வளாக நெட்வொர்க்கில் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு பிடித்த டிராஃபிக் பதிவுகளை உங்கள் லேப்டாப்பில் ஒரு பைட் கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.

செக்யூரிட்டி ஆட்களுக்கே உரிய இன்னொன்று உண்டு. ஏதாவது நிறுவனத்தின் குறைபாட்டைக் கண்டுபிடித்துத் தெரிவித்து, வெளியே சொல்லும் முன் அதைச் சரிசெய்யக் கொடுக்கும் 90 நாள் கெடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அது முடியும் வரை அந்த நிறுவனத்திடம் ஆலோசனை வேலை கேட்டுப் போகவே கூடாது. நீங்கள் என்ன நல்ல எண்ணத்தில் கேட்டாலும், பணம் கொடுக்காவிட்டால் வெளியிடுவேன் என்று மிரட்டுவதாகத்தான் அது படிக்கப்படும். அதேபோல எக்ஸ்ப்ளாய்ட் கோட் (குறைபாட்டைப் பயன்படுத்தித் தாக்கும் நிரல்) கைவசம் இருந்து வேறு நாட்டு கிளையன்டுக்கு அனுப்ப நினைத்தால், முதலில் ஏற்றுமதி விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2013இல், ஆயுத, இரட்டைப் பயன்பாட்டுப் பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தப் பல நாடுகள் செய்துகொண்ட வாசெனார் உடன்பாட்டுப் பட்டியலில் ஊடுருவல் மென்பொருள் தொடர்பான கருவிகளும் சேர்ந்துவிட்டன.

2. பேப்பர் பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள்

எட்டுப் பக்க கல்விசார் ரெஸ்யூமேயை எந்த மேலாளரும் படிக்கமாட்டார். ஒரே பக்கம் போதும். ஒவ்வொரு ஆய்வையும் அதற்குள் இருக்கும் பிரச்சினையாக மாற்றி எழுதுங்கள். உதாரணமாக, பாட்நெட்டுகள் (தாக்குபவர் கைப்பற்றிய கணினிகளின் கூட்டம்) தாமாகவே உருவாக்கும் டொமைன் பெயர்களைக் கண்டுபிடிக்கும் பேப்பர் ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஆய்வரங்கின் பெயரும் மேற்கோள் எண்ணிக்கையும் கிளையன்டுக்கு ஒன்றையும் சொல்லாது. "லேபிள் (எது மோசடி, எது நல்லது என்ற குறிப்பு) மிகக் குறைவு, கண்டுபிடிக்க வேண்டியது லட்சத்தில் சில, எதிராளி வாராவாரம் முறையை மாற்றுகிறான், இப்படிப்பட்ட தரவில் வேலை செய்யும் முறை ஒன்றை உருவாக்கினேன்" என்று எழுதினால், போலிக் கணக்குகளாலும் பொய்யான காப்பீட்டுக் கோரிக்கைகளாலும் தவிக்கிற ஒருவர் இது நம்முடைய பிரச்சினை அல்லவா என்று நிமிர்ந்து உட்காருவார்.

என்ன சேவை தருகிறீர்கள் என்பதையும் சுருக்குங்கள். எனக்குத் தெரிந்து நம் பின்னணியோடு இயல்பாகப் பொருந்துவது மூன்று. மோசடி, முறைகேடு கண்டறிதல் ஒன்று. ஏற்கெனவே கட்டிய மாடல்களைத் தணிக்கை செய்வது இன்னொன்று: மதிப்பீடு சரியாக நடந்ததா, ஏமாற்ற முடியுமா, வெளியிலிருந்து இறக்கிய பிக்கிள் கோப்பை (பைதானில் மாடலைச் சேமிக்கும் ஒரு கோப்பு வகை) அப்படியே திறக்கிறார்களா (திறந்தாலே அதற்குள் இருக்கும் கோட் ஓடிவிடும் என்பது நிறைய டேட்டா சயின்ஸ் குழுக்களுக்குத் தெரியாது). மூன்றாவது, பெயர் நீக்கப்பட்டதாகச் சொல்லப்படும் தரவு உண்மையிலேயே அடையாளம் காண முடியாததா என்று பார்ப்பது. 2006இல் ஏஓஎல் நிறுவனம் சுமார் 6.5 லட்சம் பேரின் தேடல் பதிவுகளை, பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் தேடல் சொற்களை மட்டும் வைத்து ஒரு பெண்மணியைக் கண்டுபிடித்து நேரில் போய்ப் பேசினார்கள். பெயரை நீக்கிவிட்டோம், பயமில்லை என்று நினைக்கும் நிறுவனங்கள் இன்றைக்கும் இருக்கின்றன, அவற்றுக்கு நீங்கள் தேவை.

பரிந்துரை இயந்திரம், படங்களைப் பிரிப்பது, சாட்பாட் என்று எல்லாவற்றையும் பட்டியலில் போடாதீர்கள். எல்லாம் செய்வேன் என்பவரை எதற்கு அழைப்பது என்று யாருக்கும் தெரியாது.

3. உண்மையான இடைவெளி எங்கே

பைதானும் புள்ளியியலும் வந்துவிடும், அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் மொழியான எஸ்கியூஎல்லில்தான் ஆய்வாளர்கள் திணறுகிறார்கள், ஏனென்றால் ஆய்வில் நமக்குக் கிடைப்பது சுத்தமான சிஎஸ்வி கோப்பு. கிளையன்டிடம் இருப்பது பத்து வருடமாக வளர்ந்த நூற்றுக்கணக்கான அட்டவணைகள். இரண்டை இணைத்ததும் வரிசைகள் சத்தமில்லாமல் இரட்டிப்பாகி, மொத்த விற்பனை ஒன்றரை மடங்காகத் தெரியும். இணைப்புக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்ப்பதைக் கைப்பழக்கமாக்குங்கள். விண்டோ ஃபங்ஷன்களையும் (ஒரு வரிசையை அதன் அண்டை வரிசைகளோடு சேர்த்துக் கணக்கிடும் எஸ்கியூஎல் வசதி) தேதி, நேர மண்டலச் சிக்கல்களையும் நன்றாகப் பழகுங்கள். மாலை நேரங்களில் செய்தால் இரண்டு மூன்று மாதம் போதும். விலை உயர்ந்த சான்றிதழ் வகுப்புகள் தேவையில்லை, முனைவர் பட்டம் இருப்பவரிடம் அதை யாரும் கேட்பதில்லை. அந்தப் பணத்தை ஐந்தாவது படியில் வரும் வக்கீலுக்கு ஒதுக்குங்கள்.

காட்டுவதற்கு ஒரு மாதிரி வேலை வேண்டும். தயவுசெய்து கேடிடி கப் 99 தொகுப்பை (1999 போட்டி ஒன்றுக்காக வந்த பழைய ஊடுருவல் கண்டறிதல் தரவு) எடுக்காதீர்கள். அதன் பயிற்சிப் பதிவுகளில் சுமார் 78 சதவீதமும் சோதனைப் பதிவுகளில் சுமார் 75 சதவீதமும் நகல்கள் என்று 2009இலேயே காட்டிவிட்டார்கள், அதில் 99 சதவீதத் துல்லியம் வந்தது என்று சொன்னால் விவரம் தெரிந்தவர் அங்கேயே பக்கத்தை மூடிவிடுவார். வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கிற ஒரு பொதுத் தொகுப்பை எடுத்து, காலவாரியாகப் பிரித்து (பழையதில் பயிற்சி, புதியதில் சோதனை), முடிவைக் கீழே உள்ளது போல ஒரு கணக்காகக் காட்டுங்கள்.

ஒரு லட்சம் பரிவர்த்தனையில் 100 மோசடி. மாடல் அதில் 99ஐப் பிடிக்கிறது. நல்ல பரிவர்த்தனைகள் 99,900இல் ஒரு சதவீதத்தை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது, அதாவது 999. ஆக மொத்தம் 1,098 எச்சரிக்கைகள், அவற்றில் உண்மையானவை 9 சதவீதம். ஒரு எச்சரிக்கையைப் பார்க்க ஓர் ஊழியருக்குப் பத்து நிமிடம் என்றால் 183 மணி நேரம், ஒருவருடைய ஒரு மாத வேலைக்கும் மேல். இந்த ஒரு பத்தியைக் கிளையன்டிடம் காட்டினால் போதும், மற்ற விண்ணப்பதாரர்கள் காட்டும் வண்ண வரைபடங்களைவிட இதற்கு மதிப்பு அதிகம். அவர் தினமும் அனுபவிக்கும் தலைவலியே இதுதான்.

4. எவ்வளவு கேட்பது, எவ்வளவு சேர்த்து வைப்பது

இப்போதைய வருடச் சம்பளத்தை 260ஆல் வகுத்து அதைத் தினசரிக் கட்டணமாகச் சொல்லிவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் ஒரு வருடத்தில் சேமிப்பு கரைந்துவிடும். 260 வேலை நாட்களில் விடுமுறை, காய்ச்சல், பண்டிகை எல்லாம் சேர்த்து 40ஐக் கழியுங்கள், 220. முதல் வருடத்தில் அதில் 60 சதவீதத்துக்குத்தான் பில் போட முடியும் என்று வைத்துக்கொள்வது நல்லது, மீதி நேரம் பேச்சுவார்த்தை, முன்மொழிவு எழுதுவது, கணக்கு வழக்கு என்று போய்விடும். ஆக 130 நாள். அதற்கு மேல் காப்பீடு, கணக்காளர், மென்பொருள், கணினி என்று வருமானத்தில் 20 சதவீதம் செலவு சேர்த்தால், பழைய சம்பள நிலையிலேயே நிற்பதற்குக்கூட உங்கள் தினசரிக் கட்டணம் பழைய தினசரிச் சம்பளத்தைப் போல 2.5 மடங்கு இருக்க வேண்டும். இந்த எண்ணைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்தால் கூச்சம் போய்விடும்.

சேமிப்பு குறைந்தது ஒன்பது மாதச் செலவுக்கு இருக்கட்டும். ஏன் என்றால், முதல் பேச்சிலிருந்து கையெழுத்து வரை இரண்டு மூன்று மாதம், தரவு அனுமதிக்கு ஒரு மாதம், வேலை ஒன்றரை மாதம், அப்புறம் இன்வாய்ஸ் கொடுத்து 30 முதல் 60 நாள். எல்லாம் நன்றாக நடந்தாலே அரை வருடம் ஓடிவிடும்.

முதல் வேலையை இலவசமாகச் செய்து காட்டச் சொல்வார்கள். வேண்டாம். அதற்குப் பதிலாக ஒன்று இரண்டு வாரத்தில் முடியும் தரவுத் தணிக்கை ஒன்றை நிலையான கட்டணத்தில் முன்வையுங்கள்: தரவில் என்ன இருக்கிறது, எதற்குப் போதும், எதற்குப் போதாது என்று ஓர் அறிக்கை. கிளையன்டுக்கும் ஆபத்து குறைவு, உங்களுக்கும் அவர்கள் பணம் ஒழுங்காகக் கொடுப்பவர்களா என்று தெரிந்துவிடும். தரவைக் கண்ணால் பார்க்காமல் பெரிய வேலைக்கு மொத்தத் தொகை சொல்லாதீர்கள். பெரிய வேலைக்கு நாள் கணக்குதான் சரி, 30 சதவீதமாவது அட்வான்ஸ்.

முதல் கிளையன்ட் எங்கிருந்து வருவார் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் உங்கள் லேபிலிருந்து நிறுவனங்களுக்குப் போன சீனியர்கள், ஜூனியர்கள் வழியாகத்தான். அவர்களிடம் வேலை கேட்காதீர்கள், "உங்கள் டீமில் எச்சரிக்கைகளை யார் பார்க்கிறார்கள், எதில் அதிக நேரம் போகிறது" என்று கேளுங்கள். குறைந்த விலைக்குப் போட்டி போடும் தளங்களில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது இந்த வேலைக்குப் பலன் தராது.

5. கையெழுத்துக்கு முன் நான்கு ஆவணங்கள்

ரகசியக் காப்பு ஒப்பந்தம், பொதுச் சேவை ஒப்பந்தம், வேலை விவரணம், தனிநபர் தரவு இருந்தால் தரவுச் செயலாக்க ஒப்பந்தம். இந்த நான்கில் கடைசியைத்தான் சிறிய கிளையன்டுகள் மறந்துவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இயங்கும் ஒரு நிறுவனத்துக்காக அதன் வாடிக்கையாளர்களின் தரவை நீங்கள் கையாண்டால், 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். கிளையன்ட் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துப் போடுங்கள், முதல் சந்திப்பிலேயே நம்பிக்கை வரும்.

ஒரு நல்ல வக்கீலிடம் உங்களுக்கென்று பொதுச் சேவை ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்து வாங்கிவிடுங்கள். ஆரம்பச் செலவில் பெரியது இதுவாகத்தான் இருக்கும், கணினியைவிட இதற்கு முன்னுரிமை கொடுங்கள். கிளையன்ட் தன் படிவத்தைத்தான் தருவேன் என்றாலும், எதை மாற்றச் சொல்ல வேண்டும் என்று அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நான் திரும்பத் திரும்பப் பார்த்த மோசமான வரிகள் இவை.

"இந்தக் காலத்தில் ஆலோசகர் உருவாக்கும், பயன்படுத்தும் அனைத்தும் நிறுவனத்தின் சொத்து." அந்த "பயன்படுத்தும்" என்ற ஒரு சொல் உங்கள் பழைய கருவிகள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், அடுத்த கிளையன்டுக்கு அதைப் பயன்படுத்தவே முடியாது. முன்பே உங்களிடம் இருந்தவற்றை இணைப்பாகப் பட்டியலிட்டு, அவை உங்களுடையவை, கிளையன்டுக்குப் பயன்படுத்த உரிமம் மட்டும் என்று எழுதுங்கள். முதல் படியில் பல்கலைக்கழகத்திடம் வாங்கிய கடிதம் இங்கேதான் கைகொடுக்கும்.

"மாடல் 95 சதவீதத் துல்லியம் தர வேண்டும்." எதிராளி இருக்கும் இடத்தில் இப்படி உத்தரவாதம் தரவே முடியாது. என்ன வேலை செய்வீர்கள், என்ன ஒப்படைப்பீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

இழப்பீட்டுப் பொறுப்புக்கு வரம்பு இல்லாத ஒப்பந்தம். வாங்கிய கட்டணத்தின் அளவுக்கு உச்சவரம்பு கேளுங்கள். தரவுக் கசிவுக்கு மட்டும் அதிகம் கேட்பார்கள், அது நியாயம்தான், தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு எவ்வளவு தருமோ அந்த அளவில் நில்லுங்கள்.

"நிறுவனம் ஏற்றுக்கொண்ட பிறகு பணம்." எப்போது ஏற்றுக்கொள்வார்கள்? பத்து வேலை நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி சேருங்கள். இடைத்தரகர் நிறுவனம் வழியாகப் போனால், தங்களுக்குப் பணம் வந்தபிறகுதான் உங்களுக்கு என்ற வரியைத் தேடிப்பிடித்து எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னும் பேப்பர் எழுதும் ஆசை இருந்தால், வேலையில் கற்ற பொதுவான முறைகளைத் தரவு எதுவும் இல்லாமல் வெளியிட, கிளையன்ட் 30 நாளில் பார்த்து ஆட்சேபிக்கலாம் என்ற நிபந்தனையோடு, ஒப்பந்தத்தில் இப்போதே இடம் வாங்கிவிடுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.

6. தரவு வரும் வரை கடிகாரத்தை ஓடவிடாதீர்கள்

கையெழுத்தான மறுநாள் தரவு வரும் என்று நினைக்காதீர்கள். கணக்கு உருவாக்க ஒரு துறை, அனுமதிக்க இன்னொரு துறை, விபிஎன்னுக்கு வேறொருவர். ஆறு வார வேலையில் மூன்று வாரம் இதிலேயே போனதை நான் பார்த்திருக்கிறேன், கெடு மட்டும் நகரவில்லை. அதனால் வேலை விவரணத்தில் "காலக்கெடு தரவு முழுமையாகக் கிடைத்த நாளிலிருந்து தொடங்கும்" என்று எழுதுங்கள். எந்த அட்டவணைகள், எத்தனை மாதத்துக்கு, யார் தருவார் என்று பெயரோடு இணைப்பில் போடுங்கள்.

யாராவது அவசரத்தில் வாடிக்கையாளர் பட்டியலை மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவார்கள். திறக்காமல் உடனே தெரிவித்து, அழிக்க வேண்டும் என்று எழுதுங்கள். செக்யூரிட்டியிலிருந்து வந்தவர் என்று உங்களை நம்பி எடுத்திருக்கிறார்கள், இந்த இடத்தில் தளர்ந்தால் அந்த நம்பிக்கை போய்விடும். முடிந்தவரை அவர்கள் சூழலுக்குள்ளேயே வேலை செய்யுங்கள். அங்கே எதை நிறுவினாலும் உரிமத்தைப் பாருங்கள்: அனகோண்டா என்ற பைதான் மென்பொருள் தொகுப்பின் இயல்புநிலைக் களஞ்சியத்தை (கருவிகள் தானாக இறங்கும் இடம்) 200 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் வணிகத்துக்குப் பயன்படுத்தினால் பணம் கட்ட வேண்டும் என்று 2020இல் விதி மாறியது, லேபில் இலவசமாகப் பழகிய கைக்கு இது நினைவுக்கே வராது.

7. ஒப்படைப்பு, இன்வாய்ஸ், கதவைச் சாத்துவது

அறிக்கை ஐந்து பக்கத்துக்குள் இருக்கட்டும். முதல் பக்கத்தில் என்ன முடிவெடுக்கலாம், அதனால் தினமும் எத்தனை எச்சரிக்கை வரும், எத்தனை பேர் தேவை, எப்போது மாடலை மறுபடி பயிற்றுவிக்க வேண்டும். தொடர்புடைய ஆய்வுகள் என்ற பகுதி வேண்டவே வேண்டாம். எது தெரியவில்லை என்பதைத் தைரியமாக எழுதுங்கள், அதைப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள்.

இன்வாய்ஸ் விஷயத்தில், கையெழுத்தான வாரமே கிளையன்டின் விற்பனையாளர் பதிவை முடித்து, கொள்முதல் ஆணை எண்ணை வாங்கிவிடுங்கள். ஒரு பெரிய நிறுவனத்தில் அந்த எண் இல்லை என்பதற்காக என் இன்வாய்ஸ் யார் மேசையிலும் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தது, வேலையைப் பாராட்டிய மேலாளருக்கே அது எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. கணக்குப் பிரிவில் ஒருவருடைய பெயரும் நேரடி எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும். கெடு தாண்டிய மூன்றாம் நாள் மரியாதையாக ஒரு நினைவூட்டல், பத்தாம் நாள் தொலைபேசி.

கடைசியாக, உங்களுக்குத் தந்த எல்லா அணுகல்களையும் ரத்து செய்யச் சொல்லி நீங்களே எழுதுங்கள். உங்கள் பக்கம் இருக்கும் பிரதிகளை, பேக்கப் உட்பட, அழித்துவிட்டு எந்தத் தேதியில் எவற்றை அழித்தீர்கள் என்று கடிதம் கொடுங்கள். அதே மின்னஞ்சலில் இரண்டு கேள்வி சேர்த்துவிடலாம்: அவர்கள் பெயரைச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றி அடுத்தவர்களிடம் பேசலாமா, தேவைப்பட்டால் உங்களைப் பற்றி விசாரிப்பவர்களிடம் அவர்கள் ஐந்து நிமிடம் பேசுவார்களா. வேலை முடிந்த சூட்டில் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்த மேலாளரே வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். அப்படிப் போயிருந்தால் அவரை அங்கேயும் போய்ப் பாருங்கள்.